'பாசிட்டிவ்' என்றால் என்ன பொருள்? வாத நோய்களில் தன்னெதிர்ப்புரதச் சோதனைகள்: ஒரு மீள்பார்வை

விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கையை மடக்க முடியாமல் மருத்துவரிடம் செல்பவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி, ஏ.என்.ஏ. ஆகிய ரத்தச் சோதனைகளில் ஒன்றோ பலவோ எழுதித் தரப்படுவது வழக்கம். மூன்றும் தேடுவது ஒரே வகைப் பொருளை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய புரதங்கள் சில சமயம் உடலின் சொந்தக் கூறுகளையே குறிவைக்கின்றன. அவற்றை இக்கட்டுரை தன்னெதிர்ப்புரதங்கள் என்று குறிப்பிடுகிறது.

அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் நோய் இருக்கிறது என்று பொருளா? இனி வரும் என்று பொருளா? அல்லது நலமாக உள்ள ஒருவரின் ரத்தத்தில் தற்செயலாகத் தென்படும் ஒன்றா? ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக மருத்துவ உலகம் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் ஆதாரம் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. அந்த விடைகளையும் அவை பிறந்த சூழலையும் அவற்றின் பலவீனங்களையும் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த கதை

உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளுமா என்ற ஐயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக், ஆடுகளில் செய்த சோதனைகளின் அடிப்படையில், உடல் அப்படி ஒரு செயலில் இறங்காமல் இயல்பாகவே தன்னைத் தடுத்துக்கொள்கிறது என்று கருதினார். 1904இல் டோனத்தும் லாண்ட்ஸ்டைனரும் குளிரில் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் தன்னெதிர்ப்புரதம் ஒன்றை ஒரு நோயில் காட்டினார்கள். ஆயினும் எர்லிக்கின் கருத்தே பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் இருந்தது.

வாத நோய்களில் திருப்பம் 1940இல் வந்தது. நார்வேயின் எரிக் வாலர், முடக்குவாதம் உள்ள ஒருவரின் ரத்த நீர், எதிர்ப்புரதம் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைப் பதிவுசெய்தார். 1948இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸும் உடன் பணியாற்றியவர்களும் அதையே தனியாகக் கண்டறிந்தார்கள். இன்று 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்று நாம் சொல்லும் சோதனையின் வேர் அது. அதே 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் குழு, லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களின் எலும்பு மஜ்ஜையில், வேறு செல்லின் உட்கருவை விழுங்கிய வெள்ளணுக்களைக் கண்டது. அவற்றுக்கு 'எல்.இ. செல்' என்று பெயர். அந்த விழுங்கலைத் தூண்டியது ரத்த நீரில் உள்ள ஒரு தன்னெதிர்ப்புரதம் என்று பின்னர் தெளிவானது. 1957இல் ஜார்ஜ் ஃப்ரியோ ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தி, உட்கருவோடு ஒட்டும் எதிர்ப்புரதங்களை நுண்ணோக்கியில் நேரடியாகக் காட்டினார். இன்றைய ஏ.என்.ஏ. சோதனை அதன் தொடர்ச்சி.

முதல் விடை: எதிர்ப்புரதம் நோயின் முத்திரை

இக்கண்டுபிடிப்புகள் ஒரு நம்பிக்கையை வளர்த்தன. ஒவ்வொரு நோய்க்கும் அதற்கே உரிய எதிர்ப்புரதம் ஒன்று இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் நோயைப் பெயர் சொல்லி அழைத்துவிடலாம் என்பதே அது. 1966இல் எங் டானும் ஹென்றி குங்கெலும் லூபஸில் 'எஸ்.எம்.' எதிர்ப்புரதத்தை விவரித்தார்கள். பின்னர் 'ரோ', 'லா', 'ஜோ-1' என்று பட்டியல் நீண்டது. இந்தப் பெயர்கள் பலவும் அந்தந்த நோயாளிகளின் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்தவை.

இந்த நம்பிக்கை வீண்போகவில்லை. எஸ்.எம். எதிர்ப்புரதமும் இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்புரதமும் லூபஸை வலுவாகச் சுட்டுபவை. சென்ட்ரோமியர், எஸ்சிஎல்-70 ஆகியவற்றுக்கு எதிரானவை தோல் இறுக்க நோயைச் சுட்டுகின்றன. தசை அழற்சியில் எம்.டி.ஏ.5 எதிர்ப்புரதம் தென்பட்டால், நுரையீரல் வேகமாகப் பாதிக்கப்படக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே விழிப்படைகிறார். அடிப்படை உயிரியலுக்கும் இவற்றால் பயன் கிடைத்தது. 1979இல் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் லூபஸ் நோயாளிகளின் எதிர்ப்புரதங்களைத் தூண்டிலாகப் பயன்படுத்தி உட்கருவின் சிறு ஆர்.என்.ஏ.-புரதத் துகள்களைப் பிடித்தார்கள். மரபுச் செய்தி செல்லுக்குள் எவ்வாறு வெட்டி ஒட்டப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அது வழி திறந்தது.

முடக்குவாதத்தில் இந்த அணுகுமுறையின் பெரிய வெற்றி ஆன்டி சிசிபி. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் உடலுக்குள் சிட்ருலினாக மாற்றப்பட்ட புரதங்களையே முடக்குவாத நோயாளிகளின் எதிர்ப்புரதங்கள் குறிவைக்கின்றன என்பதை 1998இல் நெதர்லாந்தின் ஷெல்லெகன்ஸ், வான் வென்ரோய் குழுவினர் காட்டினார்கள். 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி ஆர்.ஏ. ஃபேக்டர் முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் 69 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கிறது; அந்நோய் இல்லாதவர்களில் 85 விழுக்காட்டினரைச் சரியாக 'இல்லை' என்கிறது. ஆன்டி சிசிபிக்கு அந்த எண்கள் 67, 95. நோயைக் கண்டுபிடிக்கும் திறனில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வீண் பழி சுமத்தாமல் இருப்பதில் புதிய சோதனை முந்துகிறது.

'முத்திரை' என்ற பார்வையின் பலவீனமும் இதே எண்களில் இருக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களில் மூன்றில் ஒருவரிடம் இச்சோதனை எதிர்மறையாகவே வருகிறது. ஆகவே 'நெகட்டிவ்' என்ற முடிவு, வீங்கிய மூட்டுகளோடு நிற்பவருக்கு நோய் இல்லை என்று சொல்லிவிடாது. முதுகெலும்பு மூட்டழற்சியிலோ, சொரியாசிஸோடு வரும் மூட்டழற்சியிலோ நோயை உறுதிசெய்யும் தன்னெதிர்ப்புரதச் சோதனை வழக்கில் இல்லை.

எதிர்வாதம்: நலமாக உள்ளவர்களிடமும் உண்டு

முத்திரைக் கருத்துக்கு வந்த வலுவான மறுப்பு ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலிருந்தே வந்தது. 1997இல் எங் டான் தலைமையில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நலமானவர்களின் ரத்த நீரைச் சோதித்தன. 1:40 என்ற நீர்ப்பில், அதாவது ரத்த நீரை 40 மடங்கு நீர்க்கச் செய்த நிலையில், 31.7 விழுக்காட்டினருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ். 1:80இல் 13.3 விழுக்காடு, 1:160இல் 5 விழுக்காடு, 1:320இல் 3.3 விழுக்காடு. எஸ்.எம். எதிர்ப்புரதத்தைக் கண்டறிந்தவரே இந்த எல்லையையும் அளந்து காட்டியது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில் சேகரித்த ரத்த மாதிரிகளை ஆராய்ந்த மற்றொரு ஆய்வு, 1988–1991 காலத்தில் 11 விழுக்காடாக இருந்த ஏ.என்.ஏ. பாசிட்டிவ் அளவு 2011–2012இல் 15.9 விழுக்காடாக உயர்ந்ததாக 2020இல் தெரிவித்தது. அந்த உயர்வுக்குக் காரணம் இன்னும் துலங்கவில்லை.

தொற்றுகளும் மருந்துகளும் இந்த எதிர்ப்புரதங்களைத் தூண்டக்கூடும். ஹெபடைட்டிஸ் சி, இதய உள்ளுறை அழற்சி, காசநோய், தொழுநோய் ஆகியவற்றில் ஆர்.ஏ. ஃபேக்டர் தென்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டது. வயது ஏற ஏற, நோயற்றவர்களிடமும் அது கூடுகிறது. காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் ஏ.என்.ஏ.வைத் தூண்டக்கூடிய மருந்துகளில் ஒன்று. டி.எஃப்.எஸ்.70 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்புரதம் மட்டும் தனியாக இருப்பவர்களுக்கு வாத நோய் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு என்று கருதப்படுகிறது.

இதை வைத்து, ஏ.என்.ஏ. சோதனையே பயனற்றது என்று சிலர் முடிவுகட்டினால் அதுவும் மிகை. 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி 1:80 நீர்ப்பில் லூபஸ் நோயாளிகளில் சுமார் 98 விழுக்காட்டினருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ். இதன் அடிப்படையில்தான் 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய-அமெரிக்க வகைப்பாட்டு நெறிமுறை, ஏ.என்.ஏ.வை நுழைவாயில் நிபந்தனையாக வைத்தது. ஒருவரிடம் ஏ.என்.ஏ. இல்லையென்றால் லூபஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இருக்கிறதென்றால் லூபஸ் இருக்கிறது என்று சொல்ல அது மட்டும் போதாது. இச்சோதனையின் பலம் நோயை விலக்குவதில்தான் பெரிதும் உள்ளது.

யாருக்குச் சோதனை செய்கிறோம் என்பதன் கணக்கு

மேற்கண்ட இரு நிலைகளையும் இணைக்கும் மூன்றாவது பார்வை நிகழ்தகவிலிருந்து வந்தது. சோதனையின் பொருள் சோதனைக் குழாயில் மட்டும் இல்லை, சோதிக்கப்படுபவருக்கு நோய் இருக்கும் முன்வாய்ப்பு எவ்வளவு என்பதிலும் இருக்கிறது என்று அது சொல்கிறது. எளிய கணக்கு ஒன்று இதை விளக்கும்.

பொதுவான உடல்வலி, அசதி என்று வரும் 1,000 பேரில் 10 பேருக்கு முடக்குவாதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன எண்களின்படி ஆர்.ஏ. ஃபேக்டர் அந்த 10 பேரில் 7 பேரைக் கண்டுபிடிக்கும். மீதி 990 பேரில் சுமார் 150 பேருக்கும் பாசிட்டிவ் என்று வரும். அதாவது பாசிட்டிவ் அறிக்கை பெற்றவர்களில் 100க்கு 5 பேருக்குக்கூட நோய் இல்லை. ஆன்டி சிசிபி செய்தால் 7 பேர் நோயாளிகள், சுமார் 50 பேர் நோயற்றவர்கள். எட்டில் ஒருவருக்குத்தான் நோய்.

இப்போது வேறு 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் விரல் மூட்டுகளில் வாரக்கணக்கில் வீக்கம், காலை விறைப்பு. இவர்களில் பாதிப்பேருக்கு முடக்குவாதம் என்று கொண்டால், ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் வந்தவர்களில் 100க்கு சுமார் 82 பேருக்கும், ஆன்டி சிசிபி பாசிட்டிவ் வந்தவர்களில் 93 பேருக்கும் நோய் இருக்கும். சோதனை அதேதான், ஆய்வகமும் அதேதான். நோயாளியின் விரலைத் தொட்டுப் பார்த்த பிறகு சோதிப்பதா, பார்க்காமலே சோதிப்பதா என்பதே வேறுபாடு.

அமெரிக்க வாத நோயியல் கல்லூரி 2013இல் வெளியிட்ட பரிந்துரை இக்கணக்கை ஒட்டியது. ஏ.என்.ஏ. பாசிட்டிவ்வாகவும், மருத்துவ அறிகுறிகள் நோயைச் சுட்டுவதாகவும் இருந்தாலொழிய, அதன் உட்பிரிவு எதிர்ப்புரதங்களைத் தேட வேண்டாம் என்று அது கேட்டுக்கொண்டது. இந்தப் பார்வைக்கும் ஒரு குறை உண்டு. முன்வாய்ப்பு என்பது மருத்துவரின் மதிப்பீடு. அனுபவம் குறைந்தவர், வாத நோயின் ஆரம்ப அடையாளத்தைத் தவறவிட்டால் கணக்கு முழுவதும் பிசகும். தோலில் சிறு தடிப்பு, காய்ச்சல், களைப்பு என்று மெல்லத் தொடங்கும் லூபஸில் இந்த ஆபத்து அதிகம்.

எந்த முறையில் அளப்பது?

ஒரே ரத்த மாதிரி இரண்டு ஆய்வகங்களில் இரண்டு விடை தரக்கூடும். ஒளிரும் சாய முறையில், ஹெப்-2 என்ற மனிதப் புற்றுச் செல்களின் மீது ரத்த நீரைப் படரவிட்டு, பயிற்சி பெற்ற கண் அதன் ஒளிர்வைப் படிக்கிறது. புள்ளி புள்ளியாக, சீராக, வளையமாக என்று பல கோலங்கள் தெரியும். இம்முறை நூற்றுக்கும் மேற்பட்ட இலக்குகளை ஒரே பார்வையில் தேடவல்லது. ஆனால் செல் தயாரிப்பு, சாயம், நுண்ணோக்கி, பார்ப்பவரின் பழக்கம் எல்லாம் முடிவைப் பாதிக்கும். மாற்றாக வந்த எலைசா, பல இலக்குகளை ஒன்றாக அளக்கும் மணித்துகள் முறை போன்றவை வேகமானவை, இயந்திரத்தில் ஓடுபவை. குறையென்றால், எந்தெந்த இலக்குகளைத் தயாரிப்பாளர் பூசியிருக்கிறாரோ அவற்றை மட்டுமே அவை தேடும்.

இம்முறைகள் பரவியபோது, அறிகுறிகள் தெளிவாக இருந்தும் ஏ.என்.ஏ. 'நெகட்டிவ்' என்று வந்த நோயாளிகளைக் கண்டு மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். அதன்பின் அமெரிக்க வாத நோயியல் கல்லூரி, ஹெப்-2 மீதான ஒளிரும் சாய முறையே அளவுகோல் என்றும், வேறு முறையில் செய்தால் அறிக்கையில் அதைக் குறிப்பிட வேண்டும் என்றும் நிலையெடுத்தது. எனினும் அளவுகோலும் குறையற்றதில்லை. ஜோ-1 எதிர்ப்புரதத்தின் இலக்கு உட்கருவுக்கு வெளியே உள்ளது. ஆகவே ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்று எழுதப்பட்ட ஒருவரிடமும் அது இருக்கக்கூடும். ரோ எதிர்ப்புரதமும் சில சமயம் நழுவுகிறது. கோலங்களுக்கு ஒரே பெயர் வைக்கும் முயற்சியாக 2014இல் பிரேசிலின் சாவோ பாலோவில் தொடங்கிய சர்வதேசக் கூட்டு முயற்சி, ஏசி-1 முதலான குறியீடுகளைத் தந்தது.

ரத்தநாள அழற்சியில் விவாதம் எதிர்த்திசையில் முடிந்தது. அங்கே 'ஆன்கா' எதிர்ப்புரதங்களுக்கு முதலில் ஒளிரும் சாய முறை செய்வதே மரபாக இருந்தது. 2017இன் சர்வதேசக் கருத்தொருமிப்பு, பி.ஆர்.3, எம்.பி.ஓ. என்ற இரு குறிப்பிட்ட இலக்குகளைத் தரமான முறையில் நேரடியாக அளப்பதையே முதற்சோதனையாக ஏற்றது. எல்லா நோய்க்கும் ஒரே முறை சிறந்தது என்ற பொது விதி இல்லை என்பதையே இது உணர்த்துகிறது.

குற்றவாளியா, சாட்சியா?

எதிர்ப்புரதமே சேதத்தை விளைவிக்கிறதா, அல்லது சேதம் நடந்த இடத்தில் தென்படும் சாட்சி மட்டுமா? இதற்கு எதிர்ப்புரதத்துக்கு எதிர்ப்புரதம் விடை மாறுகிறது. 1960களில் குங்கெலுடன் பணியாற்றியவர்கள் லூபஸ் நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து டி.என்.ஏ. எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். சிறுநீரகச் சேதத்தில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்ற கருத்துக்கு அது வலுவூட்டியது. இதனால்தான் லூபஸின் போக்கைக் கண்காணிக்க டி.என்.ஏ. எதிர்ப்புரத அளவையும் சி3, சி4 என்ற நிரப்புப் புரதங்களையும் மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். ஏ.என்.ஏ. அளவு அப்படி நோயோடு ஏறி இறங்குவதில்லை. ஒருமுறை உறுதியான பின் அதைத் திரும்பத் திரும்பச் செய்வதால் பயன் குறைவு.

ரோ எதிர்ப்புரதத்தின் பங்கு இன்னும் கூர்மையானது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து, சிசுவின் இதயத் துடிப்பு கடத்தும் பாதையைப் பாதிக்கக்கூடும். ஆனால் அந்த எதிர்ப்புரதம் உள்ள தாய்மாரின் கர்ப்பங்களில் 100க்கு ஒன்றிரண்டில்தான் அது நிகழ்கிறது. எதிர்ப்புரதம் அவசியம் என்றாலும், அது மட்டும் போதாது என்பதை இவ்வெண் காட்டுகிறது. ரத்தம் உறையும் சிக்கலையும் கருச்சிதைவையும் உண்டாக்கும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்புரதங்களில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. தொற்றின்போது அவை தற்காலிகமாகத் தோன்றி மறையலாம். எனவே குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்று 2006இல் வெளியான நெறிமுறை சொல்கிறது.

நோய்க்கு முன்னே வரும் நிழல்

கடந்த இருபது ஆண்டுகளில் விவாதம் நகர்ந்திருக்கும் இடம் இது. அமெரிக்க ராணுவத்தினரின் சேமிக்கப்பட்ட ரத்த மாதிரிகளை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், பின்னர் லூபஸ் என்று உறுதியான 130 பேரில் 88 விழுக்காட்டினருக்கு நோய் அறியப்படும் முன்னரே குறைந்தது ஒரு தன்னெதிர்ப்புரதமாவது இருந்தது. சிலரிடம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தென்பட்டது. ஏ.என்.ஏ., ரோ போன்றவை முதலில் வந்தன, எஸ்.எம். எதிர்ப்புரதம் நோய் வெளிப்படும் தறுவாயில் வந்தது. முடக்குவாதத்திலும் ஆன்டி சிசிபி ஆண்டுகளுக்கு முன்பே வருவதை ஸ்வீடன், நெதர்லாந்து ஆய்வுகள் காட்டின. புகைபிடித்தலும் குறிப்பிட்ட மரபுக்கூறும் சேரும்போது இவ்வெதிர்ப்புரதம் உருவாகும் அபாயம் கூடுவதையும் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

நிழலைக் கண்டவுடனே மருந்து கொடுத்து நோயைத் தடுக்கலாமா? பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், மூட்டு வலியும் இவ்வெதிர்ப்புரதமும் இருந்து, வீக்கம் இல்லாத 213 பேர் பங்கேற்றார்கள். ஓராண்டு அபடாசெப்ட் மருந்து பெற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் நோய் வெளிப்பட்டது. மருந்தை நிறுத்திய பின் இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த எண்கள் 25, 37 என்று நெருங்கிவிட்டன. நோய் தள்ளிப்போனது, முற்றாகத் தடுக்கப்பட்டதா என்பது தெளிவாகவில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த முயற்சி பலன் தரவில்லை. வெற்று மருந்து பெற்றவர்களிலும் பெரும்பான்மையினருக்கு அக்காலத்துக்குள் நோய் வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நலமாக இருக்கும் ஒருவரை ஒரு சோதனை முடிவால் நோயாளியாக்கிவிடும் அபாயம் இங்கே இருக்கிறது.

இந்தியச் சூழலில்

இந்த விவாதங்கள் பெரும்பாலும் மேலை நாட்டு எண்களை வைத்து நடப்பவை. இந்தியாவில் முடக்குவாதத்தின் பரவலை டெல்லி அருகே மாளவியா குழு 1993இல் 0.75 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஆர்.ஏ. ஃபேக்டரைத் தூண்டக்கூடிய காசநோயும் தொழுநோயும் இங்கே இன்னும் உள்ளன. 2006இல் பெரிதாகப் பரவிய சிக்குன்குனியா, முடக்குவாதம் போலவே நீடிக்கும் மூட்டு வீக்கத்தைப் பலருக்கு விட்டுச்சென்றது. ஆகவே வேறு நாட்டில் வகுத்த எல்லைக்கோடுகளை அப்படியே நம்மிடம் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. மூட்டு வலி என்றாலே ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.எஸ்.ஓ., யூரிக் அமிலம் என மூன்றையும் ஒரே தொகுப்பாகச் செய்வது முன்சொன்ன கணக்கின்படி பலனைவிடக் குழப்பத்தையே கூட்டும். கூலிவேலை செய்பவருக்கு அது தேவையற்ற செலவும் ஆகும்.

மதிப்பீடு

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நோய் இருக்கக்கூடும் என்று மருத்துவப் பரிசோதனை முதலில் சொல்லும்போது, தன்னெதிர்ப்புரதச் சோதனை அந்த ஐயத்தைக் கூர்மையாக்கும் சிறந்த கருவி. ஏ.என்.ஏ. இல்லாமை லூபஸை விலக்க உதவுகிறது. எஸ்.எம்., ஆன்டி சிசிபி போன்றவை உயர் அளவில் இருந்தால் நோயைச் சுட்டுகின்றன. எந்த முறையில் அளந்தது, எந்த நீர்ப்பில் வந்தது என்பது அறிக்கையில் இல்லையென்றால் 'பாசிட்டிவ்' என்ற சொல் அரைகுறையானது.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறாத அளவீட்டை எப்படி எட்டுவது? எதிர்ப்புரதம் இருந்தும் நோய் வராதவர்களை எது காக்கிறது? நோய்க்கு முன்பே மருந்து கொடுப்பதில் பலன் எங்கே முடிந்து தீங்கு எங்கே தொடங்குகிறது? அவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, கையில் பாசிட்டிவ் அறிக்கை வைத்திருப்பவர் அச்சத்தோடு மருந்துக் கடைக்குப் போக வேண்டாம், அறிக்கையை அலட்சியமாக ஒதுக்கவும் வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு, மூட்டைத் தொட்டுப் பார்த்து, அறிகுறிகளைக் கேட்டறிந்து பொருள் சொல்லும் மருத்துவரிடம் செல்வதே சரியான வழி.